பாரதியின் இறுதி ஆண்டுகள்: ஒரு பழக்கமும் அதன் விலையும்

நெல்லைச் சீமை தமிழுக்குத் தந்த கவிஞர்களுள் தலையாயவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார். அவருடைய பாடல்களைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. ஆயினும் 38 ஆண்டுகளும் 9 மாதங்களுமே வாழ்ந்த அவருடைய உடல் ஏன் அத்தனை விரைவில் நலிந்தது என்ற வினாவை விழா மேடைகள் விரைந்து கடந்துவிடுகின்றன. யானை தள்ளியது, நோய் வந்தது, மறைந்தார் என்று மூன்றே தொடர்களில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த மூன்று தொடர்களுக்கும் முன்னால் நெடுநாளைய வறுமை இருந்தது; வறுமையோடு கூடி உடலை அரித்த லாகிரிப் பழக்கம் ஒன்றும் இருந்தது. அவரை நேசித்தவர்களே அதனைப் பதிந்து வைத்திருக்கின்றனர்.

1882 டிசம்பர் 11 அன்று, அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் பாரதி. ஐந்து வயதுக்குள் தாயை இழந்தார். எட்டயபுரம் அவையில் இளம் பருவத்திலேயே பாரதி என்ற பட்டம் பெற்றார். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றார். 1897இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டே தந்தை மறைந்தார். நடத்திய தொழில் நொடித்து, மனமும் உடைந்து சின்னசாமி ஐயர் மாண்டதை அந்த இளைஞர் கண்ணெதிரே கண்டார். பின்னர் காசி வாழ்க்கை, எட்டயபுரம் சமஸ்தான வேலை, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாத ஆசிரியப் பணி, 1904 நவம்பரில் சுதேசமித்திரன் என்று அவர் வாழ்வு விரைந்து ஓடிற்று. 1908இல் ஆங்கில அரசின் கைக்கு எட்டாத புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே பத்தாண்டுகள் கழிந்தன.

புதுவைக் காலம் பாரதியின் பொற்காலம் என்பதில் ஐயமில்லை. 1912ஆம் ஆண்டு ஒன்றிலேயே பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் அச்சேறியது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அக்கால விளைவுகளே. பகவத்கீதைக்கும் பதஞ்சலி யோக சூத்திரத்திற்கும் அவர் தமிழ் செய்தார். எனினும், ஒற்றர்கள் தெருமுனையில் நின்ற காலம் அது. அவர் நடத்திய இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. அவை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை வந்தது. வருவாய்க்கு வழியில்லை. எழுதுகின்ற கைக்கு வாசகரே இல்லாமற் போன நிலை கவிஞனுக்குச் சிறையினும் கொடியது.

இச்சூழலில்தான் சித்தர்களும் சாமியார்களும் அவர் வாழ்வில் நெருங்கினர். அவர்களுள் குள்ளச்சாமியை பாரதி தம் குருவாகவே போற்றித் தம் சுயசரிதைப் பாடலில் வைத்துப் பாடியிருக்கிறார். ஞானத்தேடலோடு ஒட்டிக்கொண்டு லாகிரியும் வந்தது. நினைவுக் குறிப்புகள் சில அதனை அபின் என்கின்றன; சில கஞ்சா சேர்ந்த லேகியம் என்கின்றன. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, எட்டயபுரத்துக் குடும்பத்தை நன்கறிந்திருந்த வ.உ. சிதம்பரனார், சென்னையில் தாம் வாழ்ந்த காலத்தில் பாரதியும் சாமியாரும் வீட்டுக்கு வந்ததையும், இருவரும் அந்த உருண்டையை உட்கொண்டதையும் தாம் கண்டவாறே எழுதியிருக்கிறார். சிறையில் செக்கிழுத்த அந்தப் பெருமகன் தம் நண்பரைப் பழிக்கும் நோக்கத்தோடு அதனை எழுதவில்லை. நெஞ்சு வலித்து எழுதினார், மறைக்காமலும் எழுதினார். பின்வந்தவர்களுக்கு அந்தத் துணிவு வேண்டும்.

அக்காலத்தில் அபின் ஒளித்து விற்கப்பட்ட பொருள் அன்று. 1878ஆம் ஆண்டின் அபின் சட்டப்படி அரசு உரிமம் பெற்ற கடைகளில் வெளிப்படையாகவே கிடைத்தது. அதன் வரி ஆங்கில அரசின் கருவூலத்தை நிரப்பிற்று. நாட்டு மருந்திலும் அது கலந்திருந்தது. வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அபின் சேர்ந்த மருந்தை உண்டவர் பலர். சாமியார்களிடம் அது பக்தியின் போர்வையில் வந்தது. ஆகவே, இன்று நாம் கொள்ளும் அதிர்ச்சியை அன்றைய மக்கள் கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் உடலுக்குக் காலவேறுபாடு தெரியாது. அபின் பசியை அடக்கும். குடலின் இயக்கத்தைத் தளர்த்தும். நாளடைவில் அதே அமைதியைப் பெற அளவைக் கூட்டச் சொல்லும். விட முயன்றால் உடலை முறுக்கி வருத்தும். அரைவயிற்று உணவோடு வாழ்கிறவனுக்குப் பசியை மறக்கச் செய்யும் பொருள் நண்பனாகத் தோன்றும். தோன்றுவது நட்பு, நடப்பது சுரண்டல்.

1918 நவம்பர் 20 அன்று புதுவையை விட்டுப் புறப்பட்ட பாரதி, கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் காவலில் இருந்தபின் டிசம்பர் 14 அன்று விடுதலையானார். திருநெல்வேலி மாவட்டத்தில் தங்கவேண்டும், எழுத்தை அதிகாரிகளின் பார்வைக்கு வைத்தே வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனைகளோடு செல்லம்மாளின் ஊரான கடையம் வந்து சேர்ந்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் கடையம். மலையிலிருந்து இறங்கும் ராமநதி அவ்வூர்ப் பக்கத்து வயல்களை நனைத்துக் கடனாநதியோடு கூடித் தாமிரபரணியிற் கலக்கிறது. ஊர்ப்புறத்தே நித்திய கல்யாணி அம்மன் எழுந்தருளியிருக்கும் கோயில் உண்டு. கோயிற்புறத்துப் பாறைகளில் பாரதி தனித்திருந்து பாடுவார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். நீரும் நிழலும் காற்றும் கவிஞனுக்கு வேண்டியவை யாவும் அங்கே இருந்தன. அவரை ஏற்கும் மனம் மட்டும் அக்கிரகாரத்தில் இல்லை. சாதி வேற்றுமை பாராமல் பழகியவரை, கழுதைக் குட்டியையும் எடுத்து முத்தமிட்டவரை, உறவினர் சித்தம் கலங்கியவர் என்றே எண்ணினர். ஊரோடு ஒத்துப்போகவேண்டிய பிறந்தகத்துக்கும் எதற்கும் வளையாத கணவருக்கும் நடுவில் நின்றவர் செல்லம்மாள். லாகிரிப் பழக்கம் ஒருவரது உடலில் குடியேறினாலும் அதன் வாடகையைச் செலுத்துவது குடும்பம் முழுவதும்தான். தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்களை வைத்துக்கொண்டு, அடுத்த வேளை உணவுக்கு வழி தேடிய அந்த அம்மையாரின் பொறுமை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

கடையத்தில் பாரதி சோர்ந்து கிடந்துவிடவில்லை. 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவிகள் அனுப்பினார், பயனில்லை. அவ்வாண்டு சென்னை சென்று காந்தியடிகளைக் கண்டார். நவம்பரில் காரைக்குடி சென்றார். இந்து மதாபிமான சங்கத்தாரோடு கைத்தடியுடன் அவர் இருக்கும் புகைப்படம் அப்போது எடுக்கப்பட்டது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் எரிகின்ற அந்த முகத்துக்கு வயது 36 என்று நம்புவது கடினம். 1920இல் தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடும் திட்டம் ஒன்றைத் தீட்டி அன்பர்களுக்கு எழுதினார். அந்தத் திட்டத்தில் மயக்கம் இல்லை. கணக்கு இருந்தது, தமிழ் வாசகர் மேல் நம்பிக்கை இருந்தது. பணம் வரவில்லை. புதிய ஆத்திசூடியில் உடலை உறுதியாக்கிக்கொள்ளும்படி இளைஞர்களுக்குக் கட்டளையிட்ட கவிஞரின் சொந்த உடல், அந்தக் கட்டளையை நிறைவேற்றும் நிலையைக் கடந்துவிட்டிருந்தது. இதனைப் போலித்தனம் என்று கொள்ளலாகாது. தமக்கு இல்லாததன் அருமையை அறிந்தவரின் குரலாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

தடைகள் நீங்கியபின் 1920 நவம்பரில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் குடியேறினார். எவ்வுயிரையும் அஞ்சாமல் அணுகுவது அவர் இயல்பு. திருவனந்தபுரம் விலங்குக் காட்சிச் சாலையில் சிங்கத்தைத் தொட்டு மகிழ்ந்தவர், பார்த்தசாரதி கோயில் யானைக்கும் அவ்வாறே பழமும் தேங்காயும் கொடுத்து வந்தார். 1921 ஜூனில் மதங்கொண்டிருந்த அந்த யானை அவரைத் தள்ளி வீழ்த்திற்று. குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்தார். காயம் ஆறியது. மீண்டும் அலுவலகம் சென்றார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் சென்று மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருள் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். ஆகவே, யானையால் இறந்தார் என்னும் வழக்கு உண்மைக்கு அணுக்கமானதன்று. செப்டம்பரில் வந்த வயிற்றுக்கடுப்பு அவரைச் சாய்த்தது. மருந்து உண்ண மறுத்தார். செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்தபின் உயிர் பிரிந்தது. அவ்வுடலின் எடை அறுபது பவுண்டு அளவே இருந்ததாக உடனிருந்தோர் எழுதினர். சுடுகாடு வரை சென்றவர் இருபது பேர்கூட இல்லை.

அபின்தான் அவரைக் கொன்றது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வறுமை, அலைச்சல், சிறை, ஓயாத உழைப்பு அனைத்தும் அந்த உடலில் பங்கு கேட்டன. ஆனால் மற்றவர் உடல் தாங்கி எழும் நோயை அவருடைய உடல் தாங்க இயலாமற் போனதற்கு அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் பெரிய தவறு ஒன்றும் நம்மிடையே வழங்குகிறது. மயக்கம் இல்லாமல் மகாகவிதை இல்லை என்று சொல்லி, அதற்கு பாரதியைச் சான்று காட்டுவோர் உளர். பாஞ்சாலி சபதத்தின் காட்சி அமைப்பையும் உரையாடலையும் யாப்பு மாற்றங்களையும் கூர்ந்து பார்ப்பவர்க்கு, அது விழித்திருந்த அறிவின் விளைவு என்பது புலனாகும். வடமொழி மூலத்தை வரிவரியாகத் தொடர்ந்து மொழிபெயர்ப்பது கனவில் நடக்கும் காரியம் அன்று. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கதையும் இதையே காட்டுகிறது. அவர் அபின் மயக்கத்தில் குப்ளா கான் பாடலைக் கண்டதாகச் சொல்வதுண்டு. அவருடைய சிறந்த கவிதைகளுட் பெரும்பாலானவை இளமையிலேயே முடிந்துவிட்டன; எஞ்சிய பல்லாண்டுகளை அபினோடு போராடிக் கழித்தார். 1816 முதல் 1834இல் இறக்கும் வரை ஜேம்ஸ் கில்மன் என்னும் மருத்துவர் அவரைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார். பாரதிக்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை.

கவிஞர் கூடும் எந்த அமைப்பும் எண்ணிப்பார்க்கவேண்டிய இடம் இது. பாரதியின் பழக்கத்தை மறைப்பது பக்தி ஆகாது. அதனைப் பெருமையாக்குவது அறிவும் ஆகாது. அவர் போன்ற ஒருவர் தம் நடுவே தள்ளாடும்போது பாட்டை மட்டும் கைதட்டி வாங்கிக்கொண்டு ஆளைத் தனியே விட்டுவிட்ட சமூகத்தின் பிழையும் இவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது. செல்லம்மாள் அதன்பின் 34 ஆண்டுகள் வாழ்ந்து, கணவரின் நூல்கள் அச்சேற முதல் வழி கோலி, 1955இல் மறைந்தார். கவிஞர் எழுதியிருக்கக் கூடிய அந்த 34 ஆண்டுகளை எந்தப் பதிப்பாலும் மீட்க முடியாது. நம்மிடையே எழுதுகின்ற கைகள் நடுங்கத் தொடங்கும்போது, முதலில் அந்தக் கையைப் பற்றிக்கொள்வதே பாரதிக்கு நாம் செய்யத்தக்க நினைவஞ்சலி.