சமையல் அறையில் ஆராய்ச்சி செய்த கோல்கி

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் செல்லின் படம் இருக்கும். நடுவே உருண்டையாக உட்கரு. அதன் அருகே, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த தோசைகளைப் போல ஓர் உறுப்பு. அதற்குப் பெயர், கோல்கி உறுப்பு.

கோல்கி என்பது ஓர் இத்தாலிய டாக்டரின் பெயர். அப்படி ஓர் உறுப்பு இருப்பதாக அவர் அறிவித்தபோது, பலர் நம்பவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகும் அந்த வழக்கு நீண்ட காலம் தீரவில்லை.

காமில்லோ கோல்கி 1843-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி, வட இத்தாலியில் உள்ள கோர்த்தெனோ என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தையும் டாக்டர். பாவியா நகரப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1865-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே பிசோசெரோ என்ற ஆராய்ச்சியாளரின் தொடர்பு கிடைத்தது. அவர் கோல்கியை விட 3 வயது இளையவர். ஆனாலும் மைக்ராஸ்கோப்பில் கோல்கிக்கு அவர்தான் ஆசான்.

ஆராய்ச்சியில் ஆசை இருந்தது. கையில் காசு இல்லை. நிலையான சம்பளம் உள்ள வேலைக்குப் போகும்படி தந்தை வற்புறுத்தினார். குடும்பத்துக்காக விருப்பம் இல்லாத ஊரில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, கோல்கியின் மனநிலை புரியும்.

1872-ல் மிலான் நகருக்கு அருகே உள்ள அப்பியாத்தெகிராசோ என்ற சிற்றூருக்குப் போனார். தீராத நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் விடுதியில் தலைமை டாக்டர் வேலை. ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. பேசிப் பகிர்ந்துகொள்ள இன்னொரு விஞ்ஞானியும் கிடையாது.

கோல்கி ஒரு சமையல் அறையை ஆராய்ச்சிக்கூடமாக மாற்றிக்கொண்டார். பகலில் நோயாளிகள். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்.

கறுத்துத் தெரிந்த செல்

அந்தக் காலத்தில் மூளையை ஆராய்வது பெரும் தொல்லை. நரம்பு செல்களின் கிளைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். ஒரு செல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கோல்கி, மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் பல நாட்கள் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தினார். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டார். மஞ்சள் பின்னணியில், ஒரு சில செல்கள் மட்டும் கிளை, கொப்பு எல்லாம் தெரிய மை போல் கறுத்து நின்றன!

எல்லா செல்களும் கறுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் கறுத்தன. அதனால்தான் முழு உருவம் கண்ணுக்குப் பட்டது. ஏன் சில மட்டும் கறுக்கின்றன என்பது இன்று வரை முழுமையாக விளங்கவில்லை.

இந்த முறையை 1873-ல் அவர் வெளியிட்டார். சில ஆண்டுகளில் பாவியா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1877-ல் பிசோசெரோவின் உறவுப்பெண் லீனாவை மணந்தார். குழந்தைகள் இல்லை.

1885 முதல் மலேரியாவை ஆராய்ந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலும், இரண்டு நாள் விட்டு வரும் முறைக்காய்ச்சலும் வேறு வேறு கிருமிகளால் வருபவை என்று காட்டினார். கிருமிகள் பெருகி, ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும்போதுதான் குளிர்காய்ச்சல் அடிக்கிறது என்பதும் அவர் கண்டதே. இது ஒன்றே அவருக்குப் பெயர் வாங்கித் தரப் போதுமானது.

கூகையின் மூளையில்

1898-ல் ஒரு கூகையின் சிறுமூளையைத் தம் வெள்ளி முறையில் சோதித்தபோது, செல்லின் உள்ளே வலை போன்ற ஒன்று உட்கருவைச் சுற்றி இருப்பதைக் கண்டார். அதற்கு உள்வலை அமைப்பு என்று பெயர் வைத்தார்.

எதிர்ப்பு கிளம்பியது. இது உறுப்பே அல்ல, வெள்ளி படிந்த கறை என்று பலர் கூறினார்கள். உயிரோடு உள்ள செல்லில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. சில வேளை சாயம் ஏறும், சில வேளை ஏறாது. அவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது.

1906-ல் நோபல் பரிசு வந்தது. கோல்கிக்கும், ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹாலுக்கும் பாதிப் பாதி. கஹால், கோல்கியின் வெள்ளி முறையையே திருத்திப் பயன்படுத்தியவர். ஆனால் முடிவு நேர் எதிர். மூளை முழுவதும் ஒரே தொடர்வலை என்றார் கோல்கி. ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி என்றார் கஹால். பரிசு மேடையிலும் கோல்கி விட்டுக்கொடுக்கவில்லை. தம் நோபல் உரையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கினார்.

1926-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி பாவியாவில் கோல்கி காலமானார்.

இரண்டு தீர்ப்புகள்

1949-ல் கூட, கிளாடு, பலாடே என்ற இரு பெரிய விஞ்ஞானிகள், கோல்கி உறுப்பு வெறும் மாயத்தோற்றம் என்று எழுதினார்கள்.

1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் தீர்ப்புச் சொன்னது. நரம்பு செல்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறது. கஹால் சொன்னதே சரி. அதே கருவி, செல்லுக்குள் தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருப்பதையும் காட்டியது. அந்த வழக்கில் கோல்கி ஜெயித்தார்.

அந்த அடுக்கு செய்யும் வேலை, பெரிய தபால் நிலையத்தில் தபால் பிரிக்கும் வேலை. செல்லில் உற்பத்தியாகும் புரதங்களில் பல, சிறு குமிழ்களில் ஏறி இங்கே வந்து சேருகின்றன. இங்கே அவற்றில் சர்க்கரைத் துண்டுகள் ஒட்டப்படுகின்றன. சில புரதங்களுக்கு அதுவே முகவரிச் சீட்டு. பிறகு தரம் பிரித்து, புதுக் குமிழ்களில் கட்டி, செல்லின் மேல்தோலுக்கோ, உள்ளே இருக்கும் கழிவு செரிக்கும் பைகளுக்கோ, வெளியிலோ அனுப்பப்படும். கணையத்தில் ஊறும் இன்சுலின் இங்கே கட்டப்பட்டுத்தான் ரத்தத்துக்குப் புறப்படுகிறது.

முகவரி தவறினால் ஆபத்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சீட்டை ஒட்டும் நொதி வேலை செய்யாது. கழிவைச் செரிக்கும் புரதங்கள் வழி தவறி செல்லுக்கு வெளியே போய்விடும். கழிவு செல்லுக்குள்ளேயே தேங்கும், வளர்ச்சி குன்றும்.

புரதங்கள் இந்த வழியாகப் போவதைப் படிப்படியாகக் கண்டு சொன்னவர், மாயத்தோற்றம் என்று முன்பு எழுதிய அதே பலாடேதான்! 1974-ல் அவருக்கும், கிளாடுக்கும், டி டூவ் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கோல்கி பிறந்த மலைக்கிராமம், 1956 முதல் கோர்த்தெனோ கோல்கி என்று அழைக்கப்படுகிறது.