போப்பையரும் திருவாசகமும்

ஒரு நாட்டிற் றோன்றிய மெய்ந்நூலைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டுசெல்லப் புகுவோர், தம் சமயத்தையும் மரபையும் விட்டொழித்தல் வேண்டுமோ? அன்றி, அவற்றிலே நின்றுகொண்டே பிறர் நூற்பொருளை உள்ளவாறு உணர்தல் கூடுமோ? இவ்வினாவுக்கு விடை காண விழைவார்க்கு ஜி. யு. போப் ஐயரவர்கள் வரலாறு பெரிதும் பயன்படும். ஆதலின், அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இவர் 1820ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், இக்காலத்துக் கனடா நாட்டின் பகுதியாகிய பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்து சேர்ந்து ஆங்குக் கல்வி பயின்றார். கிறித்து சமயப் பணிக்குத் தம்மை ஒப்புவித்து, 1837ஆம் ஆண்டிலேயே தமிழின் முதற்பாடத்தைக் கற்றார். 1839ஆம் ஆண்டிற் சென்னை வந்தடைந்தார். திருநெல்வேலிச் சீமைச் சாயர்புரத்திற் கல்விச்சாலை அமைத்தார். பின்னர்த் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் சமயப்பணியும் கல்விப்பணியும் ஆற்றினார். தமிழ் கற்கப் புகும் ஆங்கிலேயர்க்கு உதவும் கைந்நூலும் இயற்றினார்.

தாய்நாடு மீண்டபின், 1884ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திலே தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். பிறர் ஓய்வு தேடும் அம்முதுமைப் பருவத்தேதான் அவர்தம் பெரும்பணிகள் வெளிவந்தன. திருக்குறளின் 1330 குறள்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கி 1886இல் வெளியிட்டார். நாலடியாரின் 400 வெண்பாக்களை 1893இல் வெளியிட்டார்.

திருக்குறட் பதிப்பின் முகவுரையில், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்துவ ஆசிரியரோடு பழகி அவர்தம் போதனைகளை அறிந்திருத்தல் கூடுமென்று ஐயர் கருதினார். இக்கருத்திற்குத் தக்க சான்றில்லையென்பது தமிழறிஞர் பலர்தம் துணிபு. யாமும் அதனையே உடன்படுகின்றோம். உயர்ந்த அறத்தைப் பிறர் நூலிற் காணுந்தோறும் அது தம்மவரிடத்திருந்தே சென்றிருத்தல் வேண்டுமென நினைத்தல் எந்நாட்டார்க்கும் எளிதில் வருவதொரு பிழை. நம்மவரும் அதற்கு விலக்கல்லர்.

ஆயின், ஐயர் அந்நிலையிலேயே நின்றுவிட்டாரல்லர். ஒரு நாள் இரவில், நிலவொளியிற் பேலியல் கல்லூரி முற்றத்தே, அக்கல்லூரித் தலைவராகிய ஜோவெட் என்பாருடன் அவர் உலாவிக்கொண்டிருந்தனர். பேச்சுத் தமிழ்ப் பாடல்களையும் தத்துவத்தையும் பற்றியெழவே, அவற்றை அச்சிட்டே ஆகவேண்டுமென்று ஜோவெட் வற்புறுத்தினார். அது நெடுங்காலம் பிடிக்கும் பணியென்றும், தமக்குச் சாவாவரம் இல்லையென்றும் ஐயர் மறுத்துரைத்தார். பெரியதொரு பணியைக் கைக்கொண்டிருத்தலே நெடிது வாழும் வழியென்றும், அது முடியுமளவும் ஐயர் உயிரோடிருப்பாரென்றும் ஜோவெட் அவர் தோளிற் கைவைத்துக் கூறினார். அங்ஙனங் கூறியவர் 1893ஆம் ஆண்டில் மறைந்தார். ஐயரோ தமது எண்பதாம் பிறந்தநாளாகிய 1900ஆம் ஆண்டு ஏப்பிரல் 24இல் திருவாசகப் பதிப்பின் முகவுரையை எழுதி முடித்தார்.

அந்நூலிலே திருவாசகத்தின் மொழிபெயர்ப்பேயன்றி, மணிவாசகப் பெருமான் வரலாறும், சித்தாந்தக் கொள்கை விளக்கமும், உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயன் நூறு குறள்களின் மொழிபெயர்ப்பும் அடங்கியுள்ளன. சைவ சித்தாந்தம் இந்திய சமயங்களுள் மிக விரிந்ததும் உள்ளீடு மிக்கதுமாமென அவர் மதிப்பிட்டார். மணிவாசகரைப் புனித பவுலும் அசிசி நகர்ப் பிரான்சிசும் ஒருங்கு கூடியவர்போலக் கண்டார். தம் நாட்டார் அறிந்த பெரியோர் வாயிலாகவன்றி அவர்க்கு நம் அடிகளை அறிமுகஞ் செய்தல் அரிதென்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இவ்வாறு மொழி கடத்தலில் வரவும் உண்டு, செலவும் உண்டு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் பசு என்பதற்கு அவர் மந்தை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வழங்கினார். அச்சொல்லைக் கேட்ட கிறித்துவர்க்கு நல்ல மேய்ப்பனாகிய இறைவன் நினைவுக்கு வருவன், அன்பு தோன்றும். ஆயின், பாசத்தாற் கட்டுண்டமையின் உயிர் பசுவெனப்பட்டது என்னும் நமது நூற்கருத்து அச்சொல்லின்கண் விளங்காது. அருள் என்பதற்கு அவர் கொண்ட சொல்லும் அத்தகையதே. அது கிறித்துவர்க்கு இறைவன் அளிக்கும் கொடையை உணர்த்தும். நமக்கோ அருளென்பது சிவத்தினின்றும் பிரிவின்றி நிற்கும் சத்தியே. ஆகவே, ஆங்கிலம் வாயிலாகச் சித்தாந்தங் கற்பார் மூலநூலையும் உடன்வைத்துக் கற்றல் இன்றியமையாதது. இக்குறையை நிரப்பும் பணி அக்காலத்தே தமிழ்நாட்டிலும் நடந்தது. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 1897இல் தோன்றிய சித்தாந்த தீபிகையில் ஐயரின் எழுத்துக்களும் இடம்பெற்றன. இருசாரார் முயற்சியும் ஒன்றையொன்று திருத்தி வளர்த்தன.

ஐயர் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்து, ஆக்ஸ்போர்டிலே அடக்கஞ் செய்யப்பெற்றார். தமிழ் மாணவன் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் வேண்டினாரென ஒரு செய்தி நம் நாட்டில் வழங்குகின்றது. அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பரும் சேர்ந்து, அவர்தம் வாழ்நாட் டொண்டிற்கு அன்புகலந்த பாராட்டாக அதனை நாட்டினர் என்னும் செய்தியே அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1968ஆம் ஆண்டிற் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலையும் எழுந்தது.

கட்டுக்கதையினும் கல்லிலுள்ள உண்மையே சிறந்ததென யாம் கொள்கின்றோம். அவர் இறுதிவரை கிறித்துவராகவே வாழ்ந்தார்; அவரை நம்மவராக்கிக் காட்டுதல் அவர்க்குச் சிறப்பன்று. தம் நெறி பிறழாது நின்றே பிறர் நெறியின் மேன்மையை மறையாது கூறிய செம்மையே அவர்தம் பெருமை. பிற நாட்டார் மெய்ந்நூல்களை யாம் கற்குங்காலும் அத்தகைய செம்மை நம்மிடத்து உண்டோவென ஒவ்வொருவரும் தம்மையே வினவுதல் கடனாம்.