இல்லாத பங்கை விற்ற வணிகர்!

தம்மிடம் இருந்ததைவிட அதிகமான பங்குகளை விலை பேசி விற்றார் ஒரு வியாபாரி. அதைத் தடுக்க ஒரு நாட்டின் அரசாங்கமே சட்டம் போட வேண்டி வந்தது. அந்த வியாபாரியின் பெயர் ஐசக் லெ மேர்.

இன்றைய பெல்ஜியம் நாட்டில் உள்ள டூர்னே என்ற ஊரில் பிறந்தவர் அவர். ஆன்ட்வெர்ப் நகரில் வியாபாரம் செய்தார். 1585-ல் அந்த நகரம் ஸ்பானியர் வசமாயிற்று. லெ மேர், டச்சு நாட்டின் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடியேறினார். அங்கே பெரும் பணக்காரர் ஆனார்.

கம்பெனியுடன் மோதல்

1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய கம்பெனி இதுதான். அதில் லெ மேர் சுமார் 85,000 கில்டர் போட்டார். பெரிய பங்குதாரர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் கப்பல் செலவுக் கணக்கில் தகராறு வந்தது. 1605-ல் அவர் கம்பெனியை விட்டு வெளியேற நேர்ந்தது. கம்பெனிக்குப் போட்டியாகத் தொழில் செய்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். அவமானம் அவர் நெஞ்சில் தீயாக எரிந்தது.

விற்றது எப்படி?

1609-ல் ஒன்பது பேர் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்தார்கள். தலைவர் லெ மேர்.

ஒரு பங்கின் விலை 200 கில்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்துப் பங்கைத் தருவதாகச் சொல்லி, 200-க்கு விலை பேசி விடுவார்கள். பங்கு கையில் இராது. பிறகு விலை 150-க்கு இறங்கினால், அந்த விலைக்கு வாங்கிக் கொடுப்பார்கள். 50 கில்டர் லாபம்! விலை ஏறிவிட்டாலோ நஷ்டம்.

பங்கு விலை சரிந்தது. கம்பெனி இயக்குநர்கள் அரசாங்கத்திடம் ஓடினார்கள். பொய் வதந்தி பரப்பி விலையைக் கவிழ்க்கிறார்கள், பங்கு வைத்திருக்கும் விதவைகளும் அநாதைகளும் பாதிக்கப்படுகிறார்கள் என்று முறையிட்டார்கள்.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. கம்பெனி நிர்வாகம் சரியில்லை, அதனால்தான் விலை இறங்கியது என்று வாதாடியது.

கம்பெனியே வென்றது. கையில் இல்லாத பங்கை விற்கக் கூடாது என்று 1610 பிப்ரவரியில் தடை பிறந்தது. அதே ஆண்டு கம்பெனி, பணத்துக்குப் பதிலாக ஜாதிபத்திரியையே லாபப் பங்காகக் கொடுத்தது. பங்கு விலை ஏறியது. லெ மேரின் கூட்டாளிகளில் சிலர் திவாலானார்கள்.

மகனை இழந்தார்

லெ மேர் சோர்ந்துவிடவில்லை. நன்னம்பிக்கை முனை, மகெல்லன் ஜலசந்தி ஆகிய இரண்டு கடல் வழிகளும் கம்பெனியின் ஏகபோகம். மூன்றாவது வழி கண்டுபிடித்தால் யார் தடுக்க முடியும்? மகன் ஜேக்கப்பைக் கப்பலில் அனுப்பினார். 1616-ல் ஜேக்கப், தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் புதிய வழி கண்டார்.

ஆனால் ஜாவாவில் கம்பெனி அதிகாரிகள் கப்பலைப் பறித்துக் கொண்டார்கள். ஜேக்கப் ஊர் திரும்பும் வழியிலேயே, கடலில் உயிர் நீத்தார். தந்தை வழக்காடினார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. போன மகன் வரவில்லை.

1624-ல் லெ மேர் காலமானார். வியாபாரத்தில் பதினைந்து லட்சம் கில்டருக்கு மேல் இழந்தும் மானத்தை இழக்காதவர் என்று அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அவர் கிளப்பிய விவாதம் அவரோடு அடங்கவில்லை. டச்சு நாட்டில் தடையை மீண்டும் மீண்டும் போட்டார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. 2008-ல் உலகச் சந்தைகள் சரிந்தபோது அமெரிக்கா இதற்கான விதிகளை இறுக்கியது. பங்கைக் கடன் வாங்கி விற்கலாம், கையில் வராமலே விற்கக் கூடாது என்று இந்தியாவில் 'செபி' 2007-ல் விதி வகுத்தது.

விலை இறங்கினால், குற்றம் விற்றவருடையதா, கம்பெனியை நடத்துபவருடையதா? நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் எழுந்த கேள்வி இது!