கேளாச் செவியர் தந்த இசைக்குமிழ்

பழையன யாவும் பொன் என்பாரும், புதியனவற்றையே போற்றிப் பழையனவற்றைப் பரணில் எறிவாரும் எக்காலத்தும் உளர். இலக்கிய உலகில் ஓயாது நிகழும் இவ்வழக்கு, இசை கேட்கும் கருவிகளிடத்தும் நிகழ்கின்றது என்பதைப் பலர் அறியார். வெற்றிடக் குமிழ்களால் இயங்கும் ஒலிபெருக்கிகளை இன்றும் வீட்டில் வைத்துப் போற்றும் சுவைஞர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். 1950களில் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் செய்யப்பெற்ற குமிழ்கள் சிறந்தனவா, இன்று இரசியாவிலும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்யப்பெறுவன சிறந்தனவா என்பதே அவர்களின் தீராத வழக்கு. அவ்வழக்கிற்கு விடை தேடுமுன், முதற் குமிழை ஆக்கியளித்த சேர் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் என்னும் பேரறிஞரின் வாழ்வை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று. விடையின் ஒரு பாதி அவ்வாழ்விலேயே அடங்கியிருக்கின்றது.

தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த இறக்குவானையில் வாழும் எனக்கு இவ்வறிஞர்மீது ஈடுபாடு உண்டானது இயல்பே. லயங்களில் மின்சாரம் எட்டிப் பாராத நாட்களில், துரை பங்களாவின் ரேடியோகிராமும், மாரியம்மன் திருவிழாவிற் பாட்டிசைத்த ஒலிபெருக்கிப் பெட்டியுமே எம் மலைநாட்டு மக்கள் கண்ட விஞ்ஞான விந்தைகள். அவற்றின் உள்ளே செவ்வொளி சிந்தி நின்ற கண்ணாடிக் குமிழை எம்மவர் ‘வால்வு’ என்றே வழங்கினர். ஒருவழிக் கதவு என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயரை இட்டவரும் பிளெமிங்கே.

பிளெமிங் 1849ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில், ஒரு கிறித்தவப் போதகரின் மைந்தராய்ப் பிறந்தார். பதினொரு வயதளவிலேயே தமக்கென ஒரு பட்டறை அமைத்துச் சிறு படகுகளும் இயந்திரங்களும் செய்து பழகினார். குடும்பத்திற் செல்வம் மிகுதியில்லை. எனவே பங்குத் தரகர் ஒருவரிடம் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே கற்று, 1870இல் இலண்டனிற் பட்டம் பெற்றார். பின்னர்ச் செல்ற்றனம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து, ஊதியத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு 1877இல் கேம்பிறிட்ஜ் சென்றார். அங்கே மின்காந்தவியலின் பேராசானாகிய மாக்ஸ்வெல்லின் விரிவுரைகளைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 1879இல் மாக்ஸ்வெல் மறைந்தார். உலகமே பின்னாளிற் போற்றிய அப்பேராசானின் வகுப்பில் அந்நாளில் இருந்த மாணவரோ மிகச் சிலர்!

1882இல் எடிசன் மின்னொளிக் கம்பனியின் இலண்டன் கிளைக்கு அவர் ஆலோசகரானார். 1885இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மின் தொழில்நுட்பப் பேராசிரியர் பதவி ஏற்று, 1926 வரை 41 ஆண்டுகள் அப்பதவியை அணிசெய்தார். மின்னோட்டத்தின் திசையை மாணவர் நினைவிற் கொள்ளுமாறு விரல்களால் விளக்கும் விதியை வகுத்தவரும் அவரே. அவ்விதியை இன்றும் நம் வகுப்பறைகளிற் கற்பிக்கின்றோம்.

எடிசனின் மின்குமிழ்களில் அக்காலத்தே ஒரு குறை இருந்தது. எரிய எரியக் கண்ணாடியின் உட்புறம் கறுத்தது. இழைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓர் உலோகத் தகட்டை வைத்தபோது, வெற்றிடத்தின் ஊடே மின்னோட்டம் அத்தகட்டை அடைவதை எடிசன் கண்டார். ஆயினும் அதன் காரணத்தை அவர் ஆராயவில்லை. பிளெமிங் அத்தகைய குமிழ்களைச் செய்வித்து, பல ஆண்டுகள் சோதித்து, கட்டுரைகள் எழுதி, பின் தம் அலமாரியில் வைத்துவிட்டார். சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன என்னும் உண்மை பின்னரே தெளிவாயிற்று.

நிற்க. 1899இல் அவர் மாக்கோனி கம்பனியின் விஞ்ஞான ஆலோசகராகவும் ஆனார். போல்டுவில் எழுந்த பெரும் பரப்பி நிலையத்தின் மின்னமைப்பு அவர் திறமையால் உருவாயிற்று. 1901 டிசெம்பர் 12ஆம் நாள் அங்கிருந்து எழுந்த அலை அத்திலாந்திக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்தை அடைந்தபோது, உலகம் மாக்கோனியைக் கொண்டாடியது. பிளெமிங்கின் பெயரை நினைத்தவர் சிலரே. அப்புண் அவர் நெஞ்சில் ஆறவில்லை.

அக்கால வானலை உணர்கருவிகளிற் பல, செவியில் வைத்துக் கேட்டே அறியத்தக்கன. பிளெமிங்கோ செவி மந்தமானவர். ஆண்டுகள் ஏற ஏற அக்குறை மிகுந்தது. வானலையைக் கேட்பதைவிடக் கண்ணாற் காண்பதே அவருக்கு வேண்டியதாயிற்று. அளவுகருவியின் முள் அசைய வேண்டுமாயின், இருபுறமும் அலையும் மின்னோட்டத்தை ஒருபுறமாகத் திருப்பும் கதவொன்று வேண்டும். 1904இல் அவருக்கு அலமாரியில் உறங்கிய பழைய குமிழ்கள் நினைவிற்கு வந்தன. எடுத்து இணைத்தார், முள் அசைந்தது! அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இலத்திரனியல் என்னும் பெருந்துறை பிறந்த நாள் அதுவெனில் மிகையாகாது.

ஆயின் பிளெமிங்கின் குமிழ் திருப்பும், பெருக்காது. 1906இல் அமெரிக்கராகிய லீ டி பொறஸ்ட் மூன்றாவது உறுப்பையும் சேர்த்தார். பின்னர் வலைக்கம்பியாக வடிவுற்ற அவ்வுறுப்பே மெலிந்த ஒலியைப் பெருக்கும் ஆற்றலைத் தந்தது. எனினும் தாம் செய்த கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை டி பொறஸ்ட் செவ்வையாக உணர்ந்தாரல்லர். இருவர்க்குமிடையே எழுந்த பகை நீதிமன்றம் ஏறியது. 1916இல் அமெரிக்க நீதிமன்றம் பிளெமிங்கின் உரிமையை ஏற்றது. 1943இல் அந்நாட்டு உயர்நீதிமன்றமோ அக்காப்புரிமை செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது 93. டி பொறஸ்டின் பங்கை மனமார ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை பிளெமிங்கிற்கு இறுதிவரை வாய்க்கவில்லை. மேதையிடத்தும் இம்மாசு இருந்ததை மறைப்பதிற் பயனில்லை.

1929இல் அவர் ‘சேர்’ பட்டம் பெற்றார். முதல் மனைவி 1917இல் மறைந்தபின், 1933இல் ஒலிவ் பிராங்ஸ் என்னும் பாடகியை மணந்தார். செவிப்புலன் குன்றிய முதியவர் ஓர் இசைவாணியைத் துணையாகப் பெற்றது விந்தையன்றோ! 1945 ஏப்பிரல் 18ஆம் நாள் சிட்மவுத் என்னும் கடற்கரை ஊரில், 95ஆம் வயதில் அவர் வாழ்வு நிறைவெய்தியது. இதற்குள் குமிழின் குரல் நம் தீவிலும் ஒலித்துவிட்டது. எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் ஒழுங்கான வானொலிச் சேவை தொடங்கிற்று.

இனி, நம் வழக்கிற்கு வருவோம். 1950களில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் போர்ப்படைக்கும் குமிழ்கள் பெருந்தொகையாக வேண்டியிருந்தன. அதனால் முல்லார்ட், தெலிபுங்கன் முதலிய நிறுவனங்களிற் கைதேர்ந்த தொழிலாளரும் கண்டிப்பான சோதனையும் இருந்தனர், இருந்தன. 1947இற் பிறந்த திரான்சிற்றர் குமிழின் இடத்தைக் கவரவே, அத்தொழிற்சாலைகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பெற்றன. அங்கு எஞ்சிய சரக்கே இன்று பெருவிலைக்கு விற்கின்றது. இரசியாவின் சரத்தோவிலும் சிலோவாக்கியாவின் சாட்சாவிலும் புதியன செய்யப்பெறுகின்றன. முல்லார்ட் என்ற பழம்பெயரே இன்று சரத்தோவிற் செய்யப்பெறும் குமிழ்மீதும் பொறிக்கப்பெறுகின்றது. ஆதலின் பெயரை மட்டும் நம்புதல் பேதைமை.

குமிழின் உயிர் இரண்டிடங்களில் உள்ளது. ஒன்று, இலத்திரனை உமிழும் எதிர்வாயிற் பூசிய பேரியம், துரந்தியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுப் படலம். அது தேயத் தேயக் குரல் மெலியும். மற்றொன்று வெற்றிடம். கண்ணாடியில் வெள்ளி போல் மின்னும் பூச்சு, எஞ்சிய வாயுவை உறிஞ்சி அதனைக் காக்கின்றது. அப்பூச்சு வெளுத்துப்போனால் காற்றுப் புகுந்தது என்று அறியலாம். எனவே தேய்ந்த பழங்குமிழைவிட நன்கு செய்த புதுக்குமிழ் மேலானது; கெடாத பழங்குமிழோ பல புதியவற்றை வெல்லவும் கூடும். ஈசீசீ83 போன்ற சிறு குமிழ் ஒலியை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கவல்லது. அதன் உள்ளுறுப்புச் சிறிது தளர்ந்தாலும், தட்டும் அதிர்வு இரைச்சலாகும். அதனால் முதலிற் சோதனைக்கருவியில் இட்டு அளக்க வேண்டும். பின்னர், எது பழையது எது புதியது என்று அறியாமலே கேட்டுப் பார்க்க வேண்டும். பெயரை அறிந்து கேட்கும் செவி, தான் விரும்பியதையே கேட்கும்.

இசைச் சுவைஞர் இன்று செவியையே நீதிபதியாக்கி வாதிடும் அக்கருவியை, செவியை நம்ப முடியாத ஒருவர் அளவுகருவியின் முள்ளை நம்பியே உலகிற்கு அளித்தார். அலமாரியிலிருந்து அவர் பழங்குமிழை எடுத்தது அது பழையது என்பதாலன்று. தம் வினாவிற்கு அது விடை தந்தமையாலேயே எடுத்தார். புதிதாய் வந்த மூன்றாம் உறுப்பை அவர் வெறுத்ததும் உண்மையே. அவ்வெறுப்பால் அதன் ஆற்றல் அணுவளவும் குறைந்ததில்லை. ஆசிரியரும் மாணவரும் இவ்விரண்டையும் ஒருங்கே கற்கலாம். குமிழாயினும் கவிதையாயினும் காலத்தை நோக்காது தரத்தை நோக்குவதே அறிவுடைமை.