பத்மா நதியில் ஒரு படகு வீடு

பொன்முகலி ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கிறது. திருப்பதி, திருக்காளத்திப் பகுதிகளில் அவ்வாற்றைப் பார்த்து வளரும் சிறுவர்களுக்கு, மறுகரையே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. கங்கை வங்காளத்தில் பிரிந்தபின் கிழக்கு நோக்கி ஓடும் பெருங்கிளைக்குப் பத்மா என்று பெயர். மழைக்காலத்தில் அது கடல்போல் விரியும். வயல்களையும் வீடுகளையும் அரித்துக்கொண்டு போகும். வெள்ளம் வடிந்தபின் முன்பு இல்லாத இடத்தில் புதிய மணல்திட்டுகளை விட்டுச் செல்லும். நகரில் பிறந்து வளர்ந்த கவிஞர் ஒருவர், அந்த ஆற்றங்கரைக்குச் சென்று, படகையே வீடாகக் கொண்டு தம் இளமையின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தார். அவரே இரவீந்திரநாத் தாகூர்.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் ஜொராசங்கோ என்னும் பகுதியிலிருந்த பெரிய மாளிகையில் பிறந்தார். செல்வக் குடும்பம், ஆயினும் சிறுவனுக்கு விடுதலை இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலைக்காரர்களிடம் இருந்தது. அவர்களுள் ஒருவர் சிறுவனை ஓரிடத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்து, அதைத் தாண்டினால் பெருந்துன்பம் நேரும் என அச்சுறுத்திச் சென்றுவிடுவார். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததைக் கதையில் கேட்டிருந்த சிறுவன், வட்டத்துக்குள்ளேயே அமர்ந்திருப்பான். சன்னலுக்குக் கீழே ஒரு குளமும், கரையில் ஓர் ஆலமரமும் இருந்தன. குளிக்க வருவோரையும் நீரில் அசையும் நிழலையும் பார்ப்பதே அவனுக்கு வாய்த்த உலகம்.

பள்ளிகள் பல மாறியும் எதிலும் மனம் ஒன்றவில்லை. 1878இல் இங்கிலாந்துக்குச் சென்று, பட்டம் ஏதும் பெறாமலே திரும்பினார். 1883இல் மிருணாளினி தேவியை மணந்தார். கவிஞர் என்ற பெயர் அதற்குள் ஓரளவு பரவியிருந்தது. ஆனால் முப்பது வயதை நெருங்கிய மகனுக்கு ஒரு பொறுப்பு வேண்டும் எனத் தந்தை தேவேந்திரநாதர் கருதினார். கிழக்கு வங்காளத்திலிருந்த குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். தந்தை கண்டிப்பானவர். மாதந்தோறும் நிலக்கணக்குகளை அவர் முன் படித்துக் காட்ட வேண்டும். பார்வை மங்கிய நிலையிலும் தொகைகளையெல்லாம் மனத்தில் நிறுத்திக்கொண்டு, எங்கேனும் பொருந்தாமை இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். கவிதை எழுதும் கைக்குக் கணக்கேடு அவ்வளவு இன்பமாக இருந்திருக்காது; எனினும் தாகூர் மறுக்கவில்லை.

சிலைதகா, ஷாஜாத்பூர், பதிசர் என மூன்று இடங்களில் அந்நிலங்கள் பரந்து கிடந்தன. இன்று அவை அனைத்தும் வங்காளதேச நாட்டில் உள்ளன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல ஆறுகளே பாதை. குடும்பத்துக்கு உரிய பெரிய படகு ஒன்று பாட்டனார் காலம் முதல் இருந்து வந்தது. தங்குவதற்கு அறைகளும் வெளியே பார்க்கச் சன்னல்களும் கொண்ட படகு அது. தாம் நேசித்த ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார் தாகூர். சிலைதகாவில் குடும்பத்துக்கு வீடும் இருந்தது. ஆனாலும் பத்மா என்னும் ஆற்றில் பத்மா என்னும் படகில் தங்குவதையே அவர் பெரிதும் விரும்பினார். பல நாள்கள் தம்மந்தனியாக மணல்திட்டு ஓரத்தில் படகைக் கட்டிவைத்து எழுதிக்கொண்டிருப்பார். அண்ணன் மகள் இந்திரா தேவிக்கு அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளிவந்தன.

ஆறு எப்போதும் அன்பாகவே இருந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டு சூலை மாதம். வெள்ளம் பெருகியிருந்த நேரம். பத்மாவின் கிளையாகிய கொராய் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. அதன் அடியில் படகு செல்லும்போது பாய்மரம் பாலத்தில் மாட்டிக்கொண்டது. நீரோட்டமோ படகை முன்னே தள்ளியது, பாய்மரமோ நகரவில்லை. படகு ஒருபுறமாகச் சாயத் தொடங்கியது. படகோட்டிகள் கூச்சலிட்டனர்; கரையில் மக்கள் திரண்டனர். நல்வேளையாக மற்றொரு படகு உதவிக்கு விரைந்து வந்ததால் தாகூர் உயிர் பிழைத்தார். இதற்குப் பின்னும் அவர் ஆற்றை விட்டு விலக எண்ணவில்லை.

படகின் சன்னல் வழியே அவர் கண்டவை எல்லாம் கதைகளாயின. ஷாஜாத்பூரில் அவர் தங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் அஞ்சலகம் இயங்கியது. ஊரை விட்டு வந்து தனிமையில் வாடிய அங்குள்ள அஞ்சலக அலுவலரைப் பார்த்துப் பழகியதே, அஞ்சல்காரரைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறுகதைக்கு வித்தாயிற்று. ஆற்றங்கரையில் கிடந்த பெரிய மரத்தண்டைச் சிறுவர்கள் உருட்டி விளையாடிய காட்சி மற்றொரு கதையின் தொடக்கமாயிற்று. கல்கத்தாவின் மாளிகைக்குள்ளேயே இருந்திருந்தால் இம்மனிதர்களை அவர் சந்தித்திருக்க மாட்டார். வங்காள மொழியில் சிறுகதை என்னும் வடிவம் உறுதியாகக் காலூன்றியது இந்தப் படகில்தான் என்றால் அது மிகையன்று.

சிலைதகாவில் கடிதம் கொண்டு கொடுக்கும் பணியைச் செய்தவர் ககன் என்பவர். அவர் பாவுல் பாடகர். பாவுல்கள் சாதி, சமய வேறுபாடு பாராமல் ஊர் ஊராகப் பாடித் திரிவோர். ககன் பாடிய ஒரு பாட்டின் மெட்டு தாகூரின் நெஞ்சில் தங்கிவிட்டது. 1905இல் ஆங்கிலேய அரசு வங்காளத்தைப் பிரித்தபோது, அதே மெட்டில் தம் நாட்டைப் போற்றி ஒரு பாடல் இயற்றினார். அதுவே இன்று வங்காளதேசத்தின் நாட்டுப்பண். ஊர்ப்புறத்து அஞ்சல்காரர் ஒருவரின் மெட்டு ஒரு நாட்டின் பண்ணாக உயர்ந்தது வியப்புக்குரியது.

1898இல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் தாகூர் சிலைதகாவுக்கு அழைத்து வந்தார். அருகில் பள்ளி இல்லை; வீடே பள்ளியாயிற்று. வங்காளம் கற்பிப்பதைத் தாமே மேற்கொண்டார். ஆங்கிலம் கற்பிக்க லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் வந்தார். அவருக்குப் பாடத்தைவிடப் பட்டுப்புழுக்கள் மீது ஆர்வம் மிகுதி. வீட்டில் புழுக்கள் பெருகின. மதனப்பள்ளி, பலமனேர்ப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளைக் கண்டவர்களுக்கு, இலை தின்னும் அந்த ஓயாத ஒலி எப்படி இருந்திருக்கும் எனச் சொல்ல வேண்டியதில்லை. அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் விடுமுறை நாள்களில் விருந்தினராக வருவார். வரும்போதெல்லாம் புதிய கதை ஒன்றைத் தாகூர் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

ஆனால் ஒரு முள் தாகூரின் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. தாம் அன்போடு எழுதிய அந்த ஏழை உழவர்கள் செலுத்திய குத்தகையில்தான் தம் படகும் வாழ்வும் நடக்கின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண்டுதோறும் குத்தகைத் தொகை செலுத்தத் தொடங்கும் நாளில் விழா நடக்கும். அவ்விழாவில் சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்பத் தனித்தனி இருக்கைகள் இடும் வழக்கம் இருந்தது. அவ்வேறுபாட்டை நீக்கி அனைவரும் ஒன்றாக அமர்ந்தாலன்றித் தாம் விழாவில் கலந்துகொள்வதில்லை என அவர் பிடிவாதமாக நின்றார் என்பர். கடன்காரர்களிடமிருந்து உழவர்களை மீட்கப் பதிசரில் 1905இல் வேளாண் வங்கி ஒன்றை நிறுவினார். மகன் இரதீந்திரநாதரை வழக்கறிஞராகவோ அரசு அலுவலராகவோ ஆக்க விரும்பாமல், வேளாண்மை கற்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு 1906இல் அனுப்பினார். பின்னர் நோபல் பரிசுத் தொகையையும் அந்த உழவர் வங்கியிலேயே இட்டார். கொடுத்த கடன்கள் திரும்பாமல் போகவே, பணத்தை மீட்க இயலவில்லை. வணிகக் கண்ணால் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பர்.

1901இல் குடும்பம் ஆற்றங்கரையை விட்டுச் சாந்திநிகேதனுக்குச் சென்றது. ஆறில்லாத செம்மண் நிலம் அது. அவ்வாண்டு திசம்பர் மாதம் அங்கே மரத்தடியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே மிருணாளினி தேவி இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மகள் ஒருத்தியையும் தந்தையையும் இளைய மகனையும் இழந்தார். 1912இல் இங்கிலாந்துக்குப் புறப்படவிருந்த வேளையில் உடல் நலிவுற்றபோது, ஓய்வெடுக்க அவர் நாடிச் சென்றது சிலைதகாவுக்கே. தம் வங்காளப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கும் பணியை அங்கேதான் தொடங்கினார். அப்படி உருவான கீதாஞ்சலியே 1913இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

1919ஆம் ஆண்டு தென்னாட்டுப் பயணத்தின்போது, அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளிக்கு வந்து, அங்குள்ள பெசன்ட் பிரம்மஞானக் கல்லூரியில் சில நாள்கள் தங்கினார். ஒருநாள் மாலை மாணவர் கூட்டத்தில், 1911இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பாடப்பட்ட தம் பாடல் ஒன்றைத் தாமே பாடினார். அதுவே 1950இல் இந்தியாவின் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. கேட்டவர்களுள் மிகப் பலருக்கு வங்காளம் தெரியாது. ஆயினும் திராவிடம், கங்கை என்னும் பெயர்களை இனங்காண மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கல்லூரி முதல்வரின் மனைவியும் இசை வல்லவருமான மார்கரெட் கசின்ஸ் அதன் இசைக்குறிப்பை எழுதிக்கொண்டார். பிப்ரவரி 28ஆம் நாள் பாடலின் பொருளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார் தாகூர்.

1937இல், எழுபத்தாறு வயதில், அவர் இறுதியாகப் பதிசருக்குச் சென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த அதே மாளிகையில் உயிர்நீத்தார். சிலைதகாவில் அவர் வாழ்ந்த வீட்டை வங்காளதேச அரசு நினைவில்லமாகக் காத்து வருகிறது. பத்மா ஆறோ வழக்கம்போலத் தன் போக்கை மாற்றிக்கொண்டு, இப்போது அவ்வீட்டை விட்டு விலகித் தொலைவில் ஓடுகிறது.