மேடையில் நடுங்கிய பாரிஸ்டர்

நமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தினர் கேட்டபோது, நான் வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என் மனமோ எட்டாம் வகுப்புக் காலத்துக்குப் போய்விட்டது.

அன்று காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை வாசிக்கும் முறை என்னுடையது. அரைப் பக்கம்தான். முதல் வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. எழுத்துகள் கலங்கின, முழங்கால் ஆடியது. பக்கத்தில் நின்ற தோழி தாளை வாங்கி மிச்சத்தை வாசித்து முடித்தாள். சில நாட்களின் பின் ஆசிரியை ஒருவர் மகாத்மா காந்தியின் சத்திய சோதனையை என்னிடம் தந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. வாசிக்க வேண்டிய அத்தியாயத்தில் ஒரு துண்டுக் கடதாசியை மட்டும் செருகியிருந்தார். அந்த அத்தியாயம் காட்டிய காந்தியை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பள்ளி நாட்களில் மணியடிக்கும் நேரத்துக்குச் சரியாக வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். 1888இல் சட்டம் படிக்க இங்கிலாந்து புறப்பட்டபோது, ராஜ்கோட்டில் அவர் படித்த பள்ளியில் பிரியாவிடை வைத்தார்கள். நன்றி சொல்லச் சில வரிகள் எழுதிக்கொண்டு போனவர், அதையும் தடுமாறித்தான் சொல்லி முடித்தார். தலை சுற்றியது, உடம்பெல்லாம் நடுங்கியது. கப்பலில் மற்றவர்களோடு பேச வெட்கப்பட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் உண்டு காலம் கழித்தார்.

லண்டனில் பணம் கட்டிப் பேச்சுப் பயிற்சிக்கும் போய்ப் பார்த்தார். சில பாடங்களோடு அது நின்றுவிட்டது. மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். கூட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டார், வாயும் திறக்கமாட்டார். அக்குழுவில் அலின்சன் என்றொரு வைத்தியர் இருந்தார். செயற்கைக் கருத்தடையை ஆதரித்தார் என்பதற்காக அவரைச் சங்கத்திலிருந்து நீக்க முனைந்தார்கள். கருத்தடை விடயத்தில் காந்திக்கும் அலின்சனோடு உடன்பாடில்லை. ஆனாலும், மரக்கறி உணவை ஏற்ற ஒருவரை வேறொரு கொள்கைக்காக வெளியேற்றுவது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. அதை எழுதி எடுத்துக்கொண்டு போனார். வாசிக்கத் தைரியம் வரவில்லை. தலைவர் அதை இன்னொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தார். அலின்சன் தோற்றார். என்றாலும் காந்தியின் நியாயம் அந்த அறையில் ஒலித்துவிட்டது.

வென்ட்னர் என்ற கடற்கரை ஊரில் நடந்த கூட்டத்திலும் இதே கதைதான். ஒரு தாளுக்குள் அடங்கும் பேச்சு. எழுந்து நின்றார், கண் மங்கியது, கை நடுங்கியது. கூட வந்த நண்பர் மஜ்முதார் தாளை வாங்கி வாசித்தார். இந்த இடத்தை முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். என் அரைப் பக்கத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

1891இல் பாரிஸ்டராகி நாடு திரும்பியவர், பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கை ஏற்றார். கட்டணம் 30 ரூபா. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். ஒரு கேள்விகூட நாவில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதன் பின் தென்னாபிரிக்கா போகும்வரை நீதிமன்றத்தில் வாதாட அவர் எழவில்லை.

வைத்தியராக இங்கே ஒரு சொல். பலர் முன் எழுந்து நிற்கும்போது உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது, கைகால் நடுங்குகிறது. ஓடித் தப்புவதற்கான ஆயத்தம் அது. ஓடிவிட்டால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். சற்றுப் பொறுத்து நின்றால் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும். பல தடவை நின்றவருக்கு அது சிறிது சிறிதாகக் குறையும். இது கோழைத்தனமும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை.

காந்தி அப்படி நிற்கத் தொடங்கியது 1893இல், பிரிட்டோரியாவில். தாதா அப்துல்லா என்ற வணிகரின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா போனவர், இந்தியர்கள் படும் அவமானங்களைத் தானும் பட்டார். ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் என்பவரின் வீட்டில் ஊர் வணிகர்களைக் கூட்டினார். வந்தவர்களில் பெரும்பாலானோர் மேமன் முஸ்லிம்கள். வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றி அங்கே பேசினார். தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் கணக்கிட்டது அதைத்தான். மண்டபம் இல்லை, மேடை இல்லை. ஒரு வீட்டுக் கூடமும் தெரிந்த முகங்களும். சொல்லவேண்டிய விடயமோ அவர் நெஞ்சிலேயே கிடந்தது. பேச்சு முடிந்ததும், ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தானே கற்றுத் தருவதாகச் சொன்னார். முடிதிருத்துபவர் ஒருவர், எழுதுவினைஞர் ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர் என மூவர் முன்வந்தார்கள். பேசப் பயந்தவர் மூவரின் ஆசிரியரானார்.

பின்பு டர்பனில் ஒருநாள், பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி கந்தல் உடையோடு அவர் முன் அழுதுகொண்டு வந்து நின்றார். எசமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் வடிந்தது. காந்தியிடம் வேலை பார்த்த தமிழ் எழுத்தர் அவர் சொன்னதைக் கேட்டுச் சொன்னார். காந்தி அவரை வைத்தியரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் பெற்று, நேரே நீதவானிடம் அழைத்துப் போனார். முடிவில் பாலசுந்தரம் வேறொரு எசமானிடம் மாற்றப்பட்டார். பம்பாயில் ஒரு கேள்வி கேட்க முடியாதவர், உடைந்த வாய்க்காகப் பேசினார்.

அதோடு பயம் ஒழிந்தது என்று நினைக்கவேண்டாம். 1896இல் பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் மறுபடியும் குரல் எழவில்லை. அவருடைய உரையை வாச்சா வாசித்தார். பிற்காலத்திலும் புதிய சபைகளின் முன் தயக்கம் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தயக்கத்தை அவர் நட்டமாகக் கருதவில்லை. சொற்களை அளந்து செலவிட அது பழக்கியது என்று நன்றியோடு நினைத்தார். திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார்.

1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்தபோது நமது மாவட்டத்துச் சிலாபத்துக்கும் வந்தார். யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பாடசாலையிலும் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிலும் மாணவிகள் முன் பேசினார். ராஜ்கோட்டில் பள்ளி விட்டதும் ஓடிய பையன், கடல் கடந்து வந்து பள்ளிப் பிள்ளைகளோடு பேசினார். 1948 ஜனவரி 30இல் சுடப்பட்டு இறக்கும்போது, தாழ்ந்த குரலில் ஆரவாரமின்றிப் பேசிய அவரது பேச்சை உலகமே கேட்டிருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன்? என் கிளினிக்குக்கு இருமலுக்கு மருந்து கேட்டு வரும் பெண்கள் சிலர், மருந்துத் துண்டை வாங்கிக் கதவுவரை போய்த் திரும்புவார்கள். மார்பில் ஒரு கட்டி இருப்பதை அப்போதுதான் சொல்வார்கள். சிலர் திரும்பாமலே போய்விடுவார்கள். மாதங்கள் கழித்து, காலம் பிந்திய பின் வருவார்கள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி சொல்லப் பழகுவது தமிழ்த்தினப் போட்டிப் பரிசுக்காக மட்டுமென்று நான் நினைப்பதில்லை. நோகும் இடத்தைச் சொல்லப் பழகுவதும் அங்கேதான்.

நம்மில் பலர் இன்று ஆசிரியைகள், மற்றவர்கள் தாய்மார். தடுமாறும் பிள்ளையை முதலில் நான்கு பேர் முன் பேசவிடுவோம். தாளைப் பார்த்து வாசிக்கட்டும். நின்றுபோனால் பக்கத்துப் பிள்ளை தொடரட்டும். அடுத்த கிழமை மீண்டும் முறை கொடுப்போம். சிரிப்பை மட்டும் அனுமதிக்கவேண்டாம்.

அன்று என் தாளை வாங்கி வாசித்த தோழி இப்போது கடல் கடந்து வாழ்கிறாள். இந்த மலர் அவள் கைக்கும் போகும். அந்த மிச்ச வரிகளை வாசித்ததற்கு நான் அவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். நூறு ஆண்டு கண்ட நம் பாடசாலைத் தாய் இன்னும் பல நூறாண்டு வாழ்க!

— பழைய மாணவியான ஒரு வைத்தியர், புத்தளம்