சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கும் பித்தளைத் தங்காவும்

முன்பின் ஆராயாது எவரேனும் ஆணையிட்டால் அதனைத் துக்ளக் தர்பார் என்று சொல்லிவிடுவது தமிழகத்தில் வழக்கம். சோ அவர்களின் நாடகமும், 1971-இல் அது திரைப்படமாக வந்ததும் இப்பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தன. ஆயினும் அப்பெயருக்குரியவரின் வரலாற்றை அறிந்தோர் நம்மிலும் சிலரே.

ஜவ்னா கான் என்பது அவரது இளமைப் பெயர். தந்தை கியாசுத்தீன் துக்ளக் 1320-இல் தில்லி அரியணை ஏறினார். இளவரசர் 1323-இல் வாரங்கல்லை வென்றார். 1325-இல், வெற்றியோடு திரும்பிய தந்தையை வரவேற்க எழுப்பிய மரமண்டபம் சரிந்து தந்தை மாண்டார். அதில் மகனுக்குப் பங்குண்டோ என்னும் ஐயம் இன்றுவரை தீரவில்லை.

புதிய சுல்தான் திருக்குர்ஆனை மனனம் செய்தவர். தர்க்கம், வானியல், மருத்துவம் ஆகியவற்றிலும் தேர்ந்தவர். தொழுகையைப் பேணுவதில் கண்டிப்பானவர். அதே கரங்களால் வாரி வழங்கவும் செய்தார். ஆலிம்களென்றும் பாராமல் மரண தண்டனைகளை விதிக்கவும் செய்தார். 1327-இல் தலைநகரைத் தெளலதாபாத்திற்கு மாற்றி, பின்னர் மீண்டும் தில்லிக்கே திரும்பியது யாவரும் அறிந்ததே.

நாணய விவகாரம் அதற்கடுத்து வந்தது. ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள வெள்ளித் தங்காவே அன்று பெருவணிகத்தின் நாணயம். வெள்ளியோ அரிதாகிக்கொண்டிருந்தது, பெரும்படைக்கு ஊதியம் தரவேண்டியிருந்தது. சீனத்தில் குப்லாய் கானின் காலந்தொட்டுக் காகிதப் பணம் புழங்கியதை சுல்தான் அறிந்திருந்தார். ஈரானில் 1294-இல் அதே முயற்சி தப்ரீஸ் கடைவீதியையே மூடச்செய்து, சில திங்களுக்குள் தோற்றது. அதிலிருந்து அவர் பாடம் பெற்றதாகத் தெரியவில்லை. ஹிஜ்ரி 730-இல், அதாவது 1329-30-இல், பித்தளையிலும் செம்பிலும் தங்கா வெளியிட்டு, அது வெள்ளித் தங்காவிற்குச் சமம் என்று ஆணையிட்டார். ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிவதை இறைவனுக்குக் கீழ்ப்படிவதோடு இணைத்துக் கூறும் அரபு வாசகமும் அதில் பொறிக்கப்பட்டது.

கள்ளத்தனமாக வார்க்க முடியாத தனி அடையாளம் எதுவும் அந்நாணயத்தில் இல்லை. மக்கள் வீட்டிலேயே அச்சடித்தனர். வரியைப் பித்தளையில் செலுத்தினர். வெள்ளியைப் புதைத்து வைத்தனர். அயல்நாட்டு வணிகர் தம் சரக்கிற்கு அதனைப் பெற மறுத்தனர். வரலாற்றாசிரியர் ளியாவுத்தீன் பரனி இப்பழியை இந்துக்களின் வீடுகள்மீது சுமத்துகிறார். அது நியாயமன்று. உலையும் பித்தளையும் வாய்த்த எவருக்கும் அது எளிதாகவே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ரிசர்வ் வங்கி செல்லும் என அறிவித்த பின்னரும், தமிழகத்தின் பல ஊர்க் கடைகளில் 10 ரூபாய் நாணயத்தைப் பெற மறுத்தனர். ஆணையினால் மட்டும் நாணயம் கைமாறுவதில்லை என்பதற்கு 14-ஆம் நூற்றாண்டு வரை செல்லவேண்டியதில்லை.

மூன்றாண்டளவில் சுல்தான் அதனைத் திரும்பப் பெற்றார். இங்கே அவரைப் பாராட்டாமல் இருக்க இயலாது. செல்லாது என்று கைவிரித்துவிடாமல், கொண்டுவந்தோர்க்கெல்லாம் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் அளித்தார். கள்ள நாணயமும் அதில் கலந்தே வந்தது. கருவூலம் இளைத்தது, பித்தளைக் குவியல்கள் துக்ளகாபாத்தில் நெடுங்காலம் கிடந்தன.

பின்னர்ப் பஞ்சமும் கலகமும் தொடர்ந்தன. நம் பகுதியான மஅபரை ஆண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் மதுரையில் தனியரசு கண்டார். அவரை அடக்கப் புறப்பட்ட சுல்தானின் படை வாரங்கல்லில் கொள்ளைநோயால் அழிந்து திரும்பியது. 1334-இல் தில்லி சேர்ந்து அங்கே காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா மற்றொரு செய்தியைப் பதிந்துள்ளார். தம் சகோதரரை சுல்தான் காரணமின்றிக் கொன்றார் என்று இந்துப் பிரமுகர் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, சுல்தான் ஆயுதமின்றி நடந்தே காழியின் முன் சென்று நின்று தீர்ப்பை ஏற்றாராம்.

1351-இல், கலகக்காரன் தகீயைத் துரத்திச் சிந்துவின் தட்டா அருகே சென்றபோது காய்ச்சலுற்று மறைந்தார். அடுத்து வந்த பிரோஸ் ஷா, மாண்ட சுல்தானால் கொல்லப்பட்டோரின் வாரிசுகளையும் உறுப்பிழந்தோரையும் தேடிப் பொருள் அளித்தார். மன்னித்தோம் என்று அவர்களிடம் சாட்சிகளோடு எழுதிவாங்கி, அம்மடல்களை ஒரு பேழையிலிட்டு சுல்தானின் கப்ரின் தலைமாட்டில் வைத்தார்.